"வேண்டாம்" என்ற பிறகு என்ன நடக்கிறது? பாலியல் வன்முறையின் முன்னறிகுறிகள்

ஒரு பெண்ணுக்கு ஏதோ நடந்துவிட்டது என்று செய்தி வந்தால் யாழ்ப்பாணத்தில் முதலில் கேட்கப்படும் கேள்விகள் மூன்று. எத்தனை மணிக்கு? என்ன உடுப்பு? ஆரோடு போனவள்? மூன்றும் அவளைப் பற்றியவை. செய்தவன் அதற்கு முன்னர் எப்படி நடந்துகொண்டவன், அது யார் யாருக்குத் தெரிந்திருந்தது என்ற கேள்வி, வழக்கு நீதிமன்றம் போன பிறகு வந்தால் உண்டு.

2015 மே 13 அன்று யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில் வல்லுறவு செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட மாணவியை நினைத்துப் பாருங்கள். காலை நேரம், பள்ளிச் சீருடை, நாளாந்தம் போகும் பாதை. அந்த மூன்று கேள்விகளில் ஒன்றுகூட அவளுக்குப் பொருந்தவில்லை. 2017 செப்டெம்பர் 27 அன்று யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அதன் பிறகும் ஊரின் கேள்விகள் மாறவில்லை.

முன்னறிகுறிகளைப் பற்றிப் பேசும்போதும் இதே பிழை நடக்கிறது. 'பெண்கள் கவனமாக இருக்க வேண்டிய பத்து விடயங்கள்' என்று ஒரு பட்டியல் வட்ஸ்அப்பில் சுற்றும். முன்னறிகுறி அவளிடம் இருப்பதில்லை. அவளைச் சுற்றி இருக்கும் ஒருவனின் நடத்தையில் இருக்கிறது. பல வேளைகளில் அது அவளைவிட அக்கம்பக்கத்தாருக்கே முதலில் தெரியும்.

முதலில் சில சொற்கள்

செய்திகளில் எல்லாம் கலந்து எழுதப்படுவதால் இவற்றைப் பிரித்துக்கொள்வது நல்லது.

1. பாலியல் தொந்தரவு: விருப்பமில்லாத ஒருவரை உடலாலோ சொல்லாலோ செயலாலோ பாலியல் ரீதியாகத் தொல்லைப்படுத்துவது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு. ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கலாம். வேலைத்தளத்திலோ வேறு எந்த இடத்திலோ அதிகாரத்தில் இருப்பவர் சொல்லால் தரும் தொல்லையும் இதற்குள் வரும். "தொடேல்லைத்தானே, சும்மா கதைச்சவர்" என்பது சட்டத்தின் முன் சாட்டு ஆகாது.

2. வல்லுறவு: 363ஆம் பிரிவு. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதில் ஒரு முக்கியமான விளக்கத்தைச் சேர்த்தது. சம்மதம் இருக்கவில்லை என்று நிரூபிக்க, உடலில் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் கட்டாயம் இல்லை. பயத்தில் உடல் உறைந்து, குரலே வராமல் போவது மனித உடலின் இயல்பான எதிர்வினை. "ஏன் கத்தவில்லை" என்று கேட்பவர்களுக்குச் சட்டம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது.

3. சம்மதம்: பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளை "ஓம்" என்றாலும் அது சட்டப்படி சம்மதம் ஆகாது. வயது வந்தவர்களிடையே, பயத்தாலோ மிரட்டலாலோ பெற்ற "ஓம்" சம்மதம் அல்ல.

4. முன்னறிகுறி: இது குற்றத்துக்கான சான்று அல்ல. 'இந்த ஆளை இனிக் கவனிக்க வேண்டும், இந்தப் பிள்ளையோடு கதைக்க வேண்டும்' என்று சொல்லும் அடையாளம், அவ்வளவுதான். இதை வைத்து ஒருவரை ஊரைக் கூட்டி அடிப்பதும் பிழை, ஆதாரம் இல்லையே என்று பேசாமல் இருப்பதும் பிழை.

மனதில் உள்ள படம் பிழையானது

ஆபத்து என்றதும் நமக்கு வருவது இருட்டு ஒழுங்கை, பனங்கூடல், முகம் தெரியாத ஆள். அப்படியும் நடக்கிறதுதான். ஆனால் கணக்கு வேறு பக்கம் நிற்கிறது. உலக சுகாதார அமைப்பு 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயது வரையான, துணையுடன் வாழ்ந்த அனுபவமுள்ள பெண்களில் ஏறத்தாழ 27 சதவீதமானோர் தங்கள் துணைவரிடமிருந்தே உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். துணைவர் அல்லாத ஒருவரின் பாலியல் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 6 சதவீதம். அந்த 6 சதவீதத்துக்குள்ளும் உறவினர், அயலவர், தெரிந்தவர் அடக்கம்.

இலங்கையில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வு, துணையுடன் வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் (20.4 சதவீதம்) துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் கண்டது.

ஆக, வேலியை உயர்த்திக் கட்டுவதும் படலையைப் பூட்டுவதும் போதாது. வருகிறவர் படலையால் வருகிறார். அம்மா தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்கிறார்.

படிப்படியாக நகர்வது: ஒரு ரியூசன் உதாரணம்

பிள்ளைகள் மீதான துஷ்பிரயோகத்தில் பெரும்பாலும் திடீர்ப் பாய்ச்சல் இருப்பதில்லை. மெல்ல மெல்ல வசப்படுத்துவார்கள். இங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்துக்குக் குறையாமல் ரியூசனிலும் இருக்கிறார்கள் என்பதால், ஒரு கற்பனை மாஸ்டரை வைத்து இதைப் பார்ப்போம். இதே வரிசை மாமா, பயிற்றுநர், மதகுரு, சங்கத் தலைவர் எவருக்கும் பொருந்தும்.

1. தெரிவு. வகுப்பில் நாற்பது பிள்ளைகள். தகப்பன் வெளிநாட்டில், அல்லது இல்லை. இரண்டு மாதக் காசு கட்டவில்லை. வீட்டில் யாரும் விசாரிப்பதில்லை. அவருடைய கண் இந்தப் பிள்ளையில் நிற்கும்.

2. தயவு. "காசு பிறகு பாப்பம்." தனியாக நோட்ஸ். போனுக்கு ரீலோட். தயவு பிள்ளையோடு நிற்காது, வீட்டுக்கும் போகும். அம்மாவுக்கு ஒரு படிவம் நிரப்பிக் கொடுப்பார், தம்பிக்குப் பள்ளிக்கூட அனுமதிக்குக் கதைப்பார். பின்னாளில் பிள்ளை வாய் திறந்தால் "சேர் எங்களுக்கு எவ்வளவு செய்தவர்" என்று வீடே அவர் பக்கம் நிற்பதற்கான வேலை இங்கே நடக்கிறது.

3. சிறு சோதனை. கொப்பியைத் திருத்தும்போது தோளில் கை. கொஞ்சம் பச்சையான பகிடி. "வடிவாயிருக்கிறாய்" என்று ஒரு சொல். இதெல்லாம் தற்செயல் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய அளவுக்குச் சிறியதாகவே இருக்கும். அவர் பார்ப்பது ஒன்றைத்தான்: பிள்ளை விலகுகிறாளா, யாரிடமாவது சொல்கிறாளா. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அடுத்த கிழமை கை கொஞ்சம் கூட நேரம் நிற்கும்.

4. இரகசியம். இரவு பத்தரைக்கு வட்ஸ்அப். பாடம் பற்றித்தான் தொடங்கும். பிறகு "இதை அம்மாட்டச் சொல்லாதேங்கோ, பிழையா நினைப்பா", "படிச்சிட்டு அழிச்சு விடுங்கோ".

5. தனிமை. மற்றப் பிள்ளைகள் போன பிறகு அரை மணி நேரம் மேலதிக வகுப்பு. சிநேகிதிகளைப் பற்றிக் குறை. "அவளோட சேராதை, நீ வேற லெவல்."

6. கடன். ஏதாவது நடந்த பிறகு, "நீயும்தானே பேசாமல் இருந்தனீ", "வெளியால வந்தா உன்ர பேர்தான் நாறும்". பிள்ளை தன்னையே குற்றவாளியாக நினைக்கத் தொடங்கிவிடுவாள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். காசு வாங்காமல் படிப்பித்த ஆசிரியர்களால்தான் போர்க்காலத்தில் எத்தனையோ பிள்ளைகள் இங்கே பரீட்சை எழுதினார்கள். தயவு ஓர் அறிகுறி அல்ல. அது இரகசியத்தோடு சேரும்போதுதான் அறிகுறி. நல்ல ஆசிரியரின் உதவியை அம்மாவுக்கும் சொல்லலாம், அதிபருக்கும் சொல்லலாம், கதவு திறந்திருக்கும்.

இன்னொரு உரைகல், மறுப்புக்குப் பிறகு வருவது. பிள்ளை நெளிந்தால், "வேண்டாம் சேர்" என்றால், சாதாரண மனிதர் சங்கடப்பட்டுக் கையை எடுப்பார், திரும்பச் செய்யமாட்டார். மற்ற வகை ஆள் சிரிப்பார், கோபிப்பார், அவளையே குறை சொல்வார், இரண்டு நாள் முகம் கொடுக்கமாட்டார், பிறகு திரும்பவும் அதையே செய்வார். முதல் தொடுகையைவிட இந்த இரண்டாம் முறைதான் பெரிய செய்தி. வயது வந்த பெண்களுக்கும் இதே உரைகல்தான்.

பிள்ளையில் தெரியும் மாற்றங்களும் உண்டு: ஒரு குறிப்பிட்ட வகுப்புக்கு மட்டும் போக மறுப்பது, விடியற்காலையில் வயிற்றுக்குத்து, படுக்கையை நனைப்பது, வயதுக்கு மீறிய பாலியல் சொற்கள், காரணம் சொல்லாத புதுப் பொருள், போனை மறைப்பது. இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம். மூன்று நான்கு சேர்ந்து, ஓர் ஆளைச் சுற்றியே வந்தால் யோசிக்க வேண்டும்.

காதலுக்குள்ளும் கலியாணத்துக்குள்ளும்

இங்கே அறிகுறிகள் அன்பு மாதிரியே இருக்கும், அதனால்தான் சிக்கல். "எங்க நிக்கிறாய், லொக்கேஷன் அனுப்பு" என்பது முதல் மாதத்தில் அக்கறை. ஆறாம் மாதத்தில் அனுமதிச் சீட்டு. பேஸ்புக் கடவுச்சொல்லைக் கேட்பது, சிநேகிதிகளை ஒவ்வொருவராக வெட்டிவிடுவது, சம்பளம் வரும் வங்கி அட்டையை வாங்கி வைப்பது, "நீ மாட்டன் எண்டால் என்னில விருப்பமில்லை" என்று படுக்கையில் நெருக்குவது, விட்டுப் போனால் செத்துப்போவேன் என்று மிரட்டுவது. தனித்தனியே எதுவும் பொலிசுக்குப் போகும் விடயமாகத் தெரியாது. சேர்த்துப் பார்த்தால் ஒரு கட்டுப்பாட்டின் உருவம் தெரியும்.

இரண்டு விடயங்களை மட்டும் மற்றவற்றோடு சேர்த்து எண்ணக்கூடாது.

கழுத்தை நெரிப்பது. துணைவரால் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வுகளில், முன்னர் ஒரு தடவையாவது கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் கொல்லப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு அதிகமாக இருந்தது. வெளியில் அடையாளமே தெரியாமல் இருக்கலாம். குரல் கம்முவது, விழுங்கக் கஷ்டம், கண்ணில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றைப் பாருங்கள். "கோவத்தில பிடிச்சிட்டார்" என்று கடந்துபோகக் கூடாத விடயம் இது.

மற்றது, பிரியும் காலம். அவள் விட்டுப் போக முடிவெடுத்த பிறகான கிழமைகள்தான் மிக ஆபத்தானவை. பெரியவர்கள் கூடி "ஒருக்கா தனிய இருந்து கதைச்சு முடிவெடுங்கோ" என்று இருவரையும் ஓர் அறைக்குள் விடுவது நல்ல எண்ணத்தில் செய்யும் மிகப் பிழையான காரியம்.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. நீதிமன்றக் கட்டளைப்படி பிரிந்து வாழ்ந்தால் தவிர, கணவன் மனைவியை வல்லுறவு செய்வதை 363ஆம் பிரிவு குற்றமாக எடுப்பதில்லை. அதனால் கையில் இருப்பது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். நீதவான் நீதிமன்றத்தில் பாதிக்கப்பட்டவரோ அவருக்காகப் பொலிஸ் அதிகாரியோ விண்ணப்பிக்கலாம். உடனே இடைக்காலக் கட்டளை, பிறகு பன்னிரண்டு மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளை. கணவர், முன்னாள் கணவர், சேர்ந்து வாழ்பவர் மட்டுமல்லாமல் தகப்பன், சகோதரன், மாமன், சித்தப்பா போன்ற உறவினருக்கு எதிராகவும் இதைப் பெறலாம். சேர்ந்து வாழாத காதலனுக்கு எதிராக முடியாது. அவனுக்குத் தண்டனைச் சட்டக்கோவைதான்.

கையெழுத்து அதிகாரம் உள்ளவர்கள்

போருக்குப் பிறகு வடக்கில் குடும்பத்தைத் தனியே கொண்டுநடத்தும் பெண்கள் ஏராளம். வீட்டுத்திட்டம், காணி, கொடுப்பனவு, நுண்கடன் எல்லாவற்றிலும் எங்கோ ஒருவரின் கையெழுத்து வேண்டும். அறிகுறி இப்படி வரும்: வேலை நேரம் முடிந்த பிறகு வரச் சொல்வது, "ஃபைல் கொஞ்சம் சிக்கல், நேரில கதைப்பம்" என்று தனிப்பட்ட நம்பரில் எடுப்பது, கடன் கிழமைக்காசு பிந்தினால் இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்து நிற்பது.

இதற்குப் பாலியல் லஞ்சம் என்று பெயர். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் சலுகை கேட்பதையும் குற்றமாக்கியிருக்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. கேட்ட கட்டத்திலேயே, கொடுப்பதற்கு முன்னரே முறையிடலாம் என்பது பலருக்குத் தெரியாது.

பஸ்

பருத்தித்துறை மினிபஸ்ஸில் காலையில் நின்றபடி போகும் பெண்ணின் கையில் ஒரு சட்டை ஊசி இருக்கும். அம்மா கொடுத்து விட்டது. அம்மாவுக்கு அம்மம்மா கொடுத்தது. ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் இலங்கையில் செய்த ஆய்வில் 90 சதவீதமான பெண்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பொலிஸ் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம். ஊசிதான் மிச்சமுள்ளவர்களின் முறைப்பாடு.

ஏன் தெரிந்தும் சொல்லப்படுவதில்லை

இந்த விடயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் இது என்று நினைக்கிறேன்.

பதினாறு வயதுப் பிள்ளை பஸ்ஸில் நடந்ததை வீட்டில் சொல்கிறாள் என்று வைப்போம். அடுத்து நடப்பது என்ன? அந்த ரியூசன் நிற்கும். போன் பறிபோகும். அண்ணா ஏற்றி இறக்குவார். சிலவேளை படிப்பே நிற்கும், கலியாணப் பேச்சு தொடங்கும். தொட்டவன் அடுத்த நாளும் அதே பஸ்ஸில் போவான். பிள்ளை ஒரு பாடம் கற்றுக்கொள்வாள்: சொன்னால் தண்டனை எனக்கு. அடுத்த தடவை, அது இன்னும் பெரிதாக இருந்தாலும், சொல்லமாட்டாள்.

சின்ன விடயத்தைச் சொன்னபோது கிடைத்த வரவேற்பை வைத்துத்தான் பெரிய விடயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று பிள்ளைகள் முடிவெடுக்கிறார்கள். போனைப் பறிக்கும் வீடு, தன் காதைத்தானே பொத்திக்கொள்கிறது. அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுபவர்கள் நம்பியிருப்பதும் இதைத்தான்: "வீட்ட தெரிஞ்சா கொல்லுவினம்" என்ற பயம் இல்லாவிட்டால் அந்தப் படத்துக்கு அவ்வளவு வலு இல்லை.

இன்னொரு தடை, "எங்கட ஆள்" என்பது. ஒரே கோயில், ஒரே ஊர்ச் சங்கம், சொந்தத்துக்குள் சொந்தம். அவரைப் பற்றி இரண்டு மூன்று வீடுகளுக்குத் தனித்தனியே தெரிந்திருக்கும். ஒரு வீடு மற்ற வீட்டிடம் சொல்லாது. "அந்த அங்கிளிட்டக் கொஞ்சம் தள்ளி நில்" என்று பிள்ளையிடம் மட்டும் சொல்லும். தள்ளி நிற்கத் தெரியாத அடுத்த வீட்டுப் பிள்ளை மாட்டுவாள்.

செய்யக்கூடியவை

1. பிள்ளை சொன்னால் முதலில் "சொன்னது நல்லது, இதில உன்ர பிழை ஒண்டும் இல்லை" என்ற இரண்டும் வர வேண்டும். துருவித் துருவிக் கேட்க வேண்டாம். எத்தனை பேர் கேட்கிறார்களோ அத்தனை முறை அவள் அதைத் திரும்ப அனுபவிக்கிறாள், வாக்குமூலமும் குழம்பும்.

2. கட்டுப்பாட்டை அவள் மீது போடாமல் அந்த ஆள் மீது போடுங்கள். தனி வகுப்பு வேண்டாம் என்று மாஸ்டரிடம் அப்பாவே சொல்லலாம். ரியூசன் நிர்வாகத்திடம் அறைக்கதவு திறந்திருக்க வேண்டும் என்று நான்கு பெற்றோர் சேர்ந்து கேட்கலாம். யாரையும் குற்றம் சாட்டத் தேவையில்லை.

3. பஸ்ஸில் பார்த்துக்கொண்டு நிற்பவர் அவனோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை. "தங்கச்சி, இஞ்ச வாங்கோ, இந்த சீற்றில இருங்கோ" என்று எழும்பி இடம் கொடுத்தாலே அவன் விலகிவிடுவான். கண்டக்டரிடம் உரத்துச் சொல்வது இன்னும் நல்லது.

4. குறித்து வையுங்கள். திகதி, நேரம், சொன்ன சொல். தகவல்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, நம்பிக்கையான இன்னொருவரின் போனிலும் வையுங்கள். மிரட்டுபவனுக்குக் காசோ இன்னொரு படமோ கொடுத்தால் நிற்காது, கூடும்.

5. எங்கே போவது? பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். முன்னறிகுறிக் கட்டத்திலேயே, வழக்கு எதுவும் இல்லாமல், அவர்களிடம் கதைக்கலாம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1929. பெண்கள் உதவிக்கு 1938. அவசரம் என்றால் பொலிஸ் 119. பொலிஸ் நிலையங்களில் பெண்கள் சிறுவர் பிரிவு உண்டு, அங்கே பெண் அதிகாரியைக் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வர வேண்டாம்.

நடந்துவிட்டால்: முதல் 72 மணி நேரம்

அரச வைத்தியசாலைக்குப் போவதை எதற்காகவும் பின்போடக்கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கருத்தடை அவசர மாத்திரையும் எவ்வளவு வேகமாக எடுக்கப்படுகிறதோ அவ்வளவுக்குப் பலன் தரும். வைத்தியசாலைக்குள் இருக்கும் பொலிஸ் காவலரண் ஊடாக முறைப்பாடு பதிவாகி, சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். மருந்து கிடைப்பதற்கும் வழக்குக்கும் தொடர்பில்லை. வழக்கு வேண்டுமா என்று முடிவெடுக்காதவருக்கும் சிகிச்சை உண்டு.

குளிக்க வேண்டும் என்று உடம்பு கெஞ்சும். முடிந்தால் பரிசோதனை முடியும்வரை குளிக்காமல், பல் தீட்டாமல் இருப்பது நல்லது. குளித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைத்து வீட்டில் இருந்துவிடவும் வேண்டாம், அப்போதும் போகலாம். போட்டிருந்த உடுப்பைத் தோய்க்காமல் கடதாசிப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பொலித்தீன் பையில் ஈரம் நின்று தடயம் பழுதாகிவிடும். கடதாசிப் பை இல்லையென்றால் பழைய பேப்பரில் சுற்றினாலும் சரி.